கரையில் நிறுத்திய காய்

வேலைக்காரிக் காய் இன்றைக்கும் நனைந்திருந்தது.

முத்துச்செல்வி அதைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துப்பட்டாவில் துடைத்தாள். ஜமீன்தார், அவர் தங்கை, கணக்குப்பிள்ளை, வைத்தியர் என்று மற்ற காய்கள் எல்லாம் அதே பெட்டியில், அதே பஞ்சின் மேல், சொட்டு ஈரம் இல்லாமல் கிடந்தன. இதன் சேலை மடிப்புகளில் மட்டும் தண்ணீர் நின்றது. சாரல் காலத்தில் குற்றாலத்தில் எதுதான் ஒழுங்காகக் காய்கிறது, கொடியில் போட்ட துண்டை நாலு நாள் கழித்தும் பிழிய வேண்டியிருக்கிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் சாரலில் நனைந்த துணிக்கு ஒரு நல்ல வாசனை உண்டு. இதில் அடித்தது பாசி வாடை. பாறை இடுக்கில் வெகுநாள் சிக்கிக் கிடந்த துணியின் வாடை.

"யக்கா, நீ இத வாயில போட்டியா?"

அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்த ஜெயசித்ரா சிரித்தாள். இல்லை என்று பெரிதாகத் தலையை ஆட்டினாள். அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அது தெரிந்திருந்தும் அவள்தான் வாயில் போட்டிருப்பாள் என்று முத்துச்செல்வி முடிவு செய்துகொண்டாள். வேறு எப்படி முடிவு செய்வது?

ஜெயசித்ராவுக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. மனசு மட்டும் ஏழெட்டு வயதில் நின்றுவிட்டது. அம்மா போன பிறகு தென்காசி வீட்டைப் பூட்டிவிட்டு, முத்துச்செல்வி அவளைக் குற்றாலத்தில் இந்த வாடகை வீட்டுக்கு அழைத்து வந்தாள். தங்கமான தங்கச்சி என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். அந்த மெச்சலை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, அக்காவை ஒரு கல்யாணத்துக்கும் கூட்டிப் போகாமல் இருக்க முத்துச்செல்வி நன்றாகப் பழகியிருந்தாள். "அவளுக்குக் கூட்டம் ஆகாது" என்பாள். கூட்டம் என்றால் அக்காவுக்குக் கொள்ளை ஆசை. சோறு ஒழுகும் வாயோடு, யாரைக் கண்டாலும் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கிற அந்த ஆசைதான் தங்கைக்குப் பிடிக்காத விஷயம்.

பலகை விளையாட்டு உருவாக்குவது முத்துச்செல்வியின் தொழில். இந்த முறை கையில் எடுத்திருந்தது நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நாவல். பள்ளிப் பாடத்தில் ஒரு துண்டு வந்ததால் எல்லோருக்கும் கதை தெரியும். சாரலுக்குக் குற்றாலம் வந்த ஜமீன் குடும்பம் பெரிய அருவியில் குளித்துக்கொண்டிருக்கும்போது மலையில் வெள்ளம் இறங்கும். எல்லோரும் பங்களாவுக்கு ஓடுவார்கள். குளிக்கப் போகுமுன் சின்ன எஜமானி ஒரு வேலைக்காரியின் கையில் மாற்றுத்துணி மூட்டையைக் கொடுத்து, நான் வந்து கூப்பிடுகிற வரைக்கும் இங்கேயே நில் என்று சொல்லியிருப்பாள். கூப்பிட மறந்துவிடுவாள். நாவலில் அதற்கு ஒரே ஒரு வரி. அந்த வேலைக்காரிக்குப் பெயர்கூடக் கிடையாது. அடுத்த அத்தியாயத்தில் எஜமானிக்குக் கல்யாணம்.

அந்த ஒரு வரிதான் ஆட்டத்தின் உயிர். பலகையில், அருவிக்கு முன்னால் பாதுகாப்புக்குக் கட்டிய வளைவான ஆர்ச்சுக்கு வெள்ளம் ஏறிக்கொண்டே வரும். ஆர்ச்சைத் தொடுமுன் பங்களா சேர வேண்டும். யார் வேண்டுமானாலும் வேலைக்காரியைக் 'கரையில் நிறுத்தலாம்'. நிறுத்தினால் இன்னொரு தடவை கட்டை உருட்டலாம். உருட்டுவதற்குச் சாதாரணப் பகடை வேண்டாம், ஊர்த் தாயக்கட்டைதான் வேண்டும் என்று பித்தளையில் ஒரு ஜோடி வாங்கியிருந்தாள். தாயத்தில் வெட்டுப்பட்ட காய்க்கும் ஒரு கதவு திறந்தே இருக்கும்; ஒரு தாயம் விழுந்தால் மறுபடி இறங்கலாம். அதே போல, தாயம் விழும்போதெல்லாம் வேலைக்காரி ஒரு கட்டம் பங்களாவை நோக்கி வரலாம் என்றுதான் முத்துச்செல்வியும் முதலில் விதி வைத்தாள். ஆட்டம் இழுக்குது என்றான் ஜெனோ. ஆட்டங்களை அச்சிட்டு விற்கிற கம்பெனியில் அவளுடைய வேலையை மேற்பார்க்கிறவன் அவன். அவள் அந்த விதியை எடுத்துவிட்டாள். ஒரு வார்த்தை வாதாடவில்லை.

அதைவிட வெட்கக்கேடு ஒன்று இருந்தது. காய்களை வடித்த ஓவியர், வேலைக்காரிக்கு மாதிரி ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். துவைத்த துணியை அணைத்துக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி நின்ற அக்காவைப் போனில் படம் பிடித்து அனுப்பினாள். "கன்னத்துல மச்சம் இருக்கே, படம் கண்ணாடி மாதிரி திரும்பியிருக்கான்னு தெரியல. நெஜத்துல எந்தப் பக்கம்?" என்று அவர் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே போய்ப் பார்த்து வரவும் தோன்றவில்லை. "எந்தப் பக்கமா இருந்தா என்ன, வைங்க" என்றாள். பிறகு படத்தை அழித்துவிட்டாள்.

சோதனைக்கு ஆடிப் பார்த்த இடத்தில் எல்லாம் அந்தக் காய்க்குத்தான் வரவேற்பு. "இந்த மூஞ்சியப் பாருலே!" என்று பையன்கள் கையில் எடுத்துக் காட்டிச் சிரித்தார்கள். முத்துச்செல்வியும் சிரித்தாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.

இன்று பிற்பகல் ஜெனோ கம்பெனி முதலாளியைக் கூட்டிக்கொண்டு வருகிறான். ஹம்னா, கடையநல்லூரில் பிறந்து பெங்களூரில் கம்பெனி நடத்துகிறவள். அவளுக்குப் பிடித்தால் ஆட்டம் அச்சுக்குப் போகும், பெட்டியின் மேல் முத்துச்செல்வியின் பெயர் வரும். பிடிக்காவிட்டால் இரண்டு வருஷ உழைப்பு பரணுக்குப் போகும்.

மதியமே ஜெயசித்ரா தயாராகிவிட்டாள். நீலச் சேலையைத் தானே சுற்றிக்கொண்டு, முகமெல்லாம் பவுடர் பூசி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு முன்னறையில் வந்து நின்றாள்.

"விருந்தாளுக வருதாங்களா முத்து? நானும் தாயம் வெளையாடுதேன்."

"உனக்குக் கூட்டம் ஆகாதுக்கா."

"ஆகும்ட்டி."

தெருமுனையில் கார் சத்தம் கேட்டது. முத்துச்செல்வி அவள் கையைப் பிடித்து, அடுக்களை வழியாகப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு தகரச் சாய்ப்பு, துவைக்கிற கல், அதற்குக் கீழே நாலு படி இறங்கினால் சிற்றாற்றுக்குப் போகிற ஓடை. கையில் ஏதாவது பொறுப்பைக் கொடுத்தால் அக்கா அசையமாட்டாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. கொடியில் கிடந்த துண்டுகளை உருவி, சுருட்டி, அவள் கைகளில் திணித்தாள்.

"யக்கா, இத கீழ வைக்கப்பிடாது. நான் வந்து கூப்பிடுத வரைக்கும் இங்கனயே நில்லு. என்ன?"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே காது சுட்டது. நாவலில் அந்த வரியை எத்தனை தடவை படித்திருப்பாள்! ஜெயசித்ரா மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பவுடர் முகத்தோடு, சரி என்று தலையாட்டினாள். முன்வாசலில் ஜெனோ குரல் கொடுத்தான். முத்துச்செல்வி உள்ளே வந்து கதவைச் சாத்தி, தாழ்ப்பாளையும் போட்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை ஊர் சிரிக்கும். மறைக்கிறவளுக்கு அந்த நேரத்தில் சோறு போதும் என்றுதான் தோன்றும்.

ஹம்னா நல்லவளாக இருந்தாள், அதுவே ஒரு சங்கடம். செருப்பை ஒழுங்காக வாசலில் விட்டு, தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, பலகையை விரலால் தடவிப் பார்த்தாள். வெளியே சாரல் மழையாகத் தடித்து, நாலு மணிக்கே அறை இருண்டது. விளக்கைப் போட்டு ஆடத் தொடங்கினார்கள். கட்டைகள் உள்ளங்கைக்குள் உரசி, தரையில் விழுந்து, உருண்டு நின்றன. ஜெனோ கணக்குப்பிள்ளையைப் பங்களாப் படிக்கட்டுவரை கொண்டு போனான்; வழியில் வேலைக்காரியைக் கரையில் நிறுத்தினான். "பாத்தீங்களா மேடம், இதுதான் நம்ம கேமுக்கே ஹைலைட்டு" என்று காயை எடுத்து அதன் முகத்தை அவளிடம் காட்டினான்.

ஹம்னா சிரிக்கவில்லை. "இவளத் திரும்பக் கூட்டிட்டு வர வழியே இல்லையா?" என்றாள்.

வழி இருந்தது. எடுத்துவிட்ட அந்த விதியைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஜெனோ முறைத்துப் பார்த்தான்.

"நாவல்லயே வரலையே மேடம்" என்றாள் முத்துச்செல்வி.

அடுத்து அவள் கட்டை உருட்டினாள். ஒன்றில் புள்ளியே இல்லை, மற்றதில் ஒரே புள்ளி.

"தாயம்!" என்றான் ஜெனோ.

வீட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. சளக்.

அக்காவின் பழக்கம் அது. சின்ன வயதில் தாயம் ஆடும்போது அவளுக்குத் தெரிந்த ஒரே விதி, தாயம் விழுந்தால் உள்ளே வரலாம் என்பது. காய் ஒரு கட்டம் நகர்ந்தால் எழுந்து தானும் ஒரு அடி நகர்வாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், பாவம். அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. சாய்ப்புக்கு அடியில் சிமெண்டுத் தரை, மழைக்கும் நனையாத தரை. அதில் கால் வைத்தால் சளக்கென்று எப்படிக் கேட்கும்?

"உள்ள யாரும் இருக்காங்களா?" என்றாள் ஹம்னா.

"இல்ல மேடம். நான் மட்டும்தான்."

ஆட்டம் சூடு பிடித்தது. தெருவில் பேரூராட்சி ஜீப் ஒன்று மைக்கோடு ஊர்ந்து போனது: பெரிய அருவியில ஆர்ச்சத் தாண்டித் தண்ணி விழுது, யாரும் குளிக்கப் போக வேண்டாம், ஆத்துப் பக்கம் குடியிருக்கவங்க கவனமா இருக்கணும். ஜெனோவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நம்ம கேமேதான் மேடம்!" ஹம்னா ஜமீன்தாரின் தங்கைக் காயை நகர்த்தினாள். பின்னால் ஓடையின் சத்தம் மாறியிருந்தது. முன்பு முணுமுணுப்பு, இப்போது கல்லை உருட்டுகிற கனத்த சத்தம். எழுந்து போக வேண்டும் என்று முத்துச்செல்விக்குத் தெரியும். போனால் அக்கா உள்ளே வருவாள், ஹம்னாவின் கையைப் பிடிப்பாள், வாயைத் துடைக்காமல் சிரிப்பாள், பலகையில் தன் முகத்தைப் பார்ப்பாள். அதைவிட, ஜெனோ அவள் முகத்தையும் காயின் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பான். இந்த ஒரு சுற்று முடியட்டும் என்று முத்துச்செல்வி கட்டையை எடுத்தாள்.

தாயம்.

சளக். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு சளக்.

இரண்டு கால் என்று நினைத்தாள். ஒரே ஆளின் இரண்டு கால். ஆனால் அக்கா தாயத்துக்கு ஒரு அடிதான் வைப்பாள். ஒன்றுக்கு மேல் வைத்தால் தங்கை கள்ளாட்டம் என்று கத்துவாள் என்று பயந்து, சின்ன வயசிலிருந்து ஒரே ஒரு அடிதான்.

ஹம்னா கை கழுவ எழுந்தாள். குளியலறையில் பின்பக்கம் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. முத்துச்செல்விக்கு அது தாமதமாகத்தான் நினைவு வந்தது. ஹம்னா வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முகத்தில் ஒரு யோசனை இருந்தது. மறுபடி பலகை முன் உட்கார்ந்தாள். ஜெனோ உருட்டினான். தாயம். மறுபடி உருட்டினான். தாயம். "என்ன இது, கட்டையில ஏதும் கோளாறா?" என்று சிரித்தான். பின்னால் ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் கால் விழுந்தது. இப்போது சேர்ந்தே விழுந்தது. பயிற்சி எடுத்தவர்களைப் போல.

ஆட்டத்தில் வெள்ளம் ஆர்ச்சைத் தொட்டது. கரண்டு போனது.

"ரோட்ட மறிச்சிருவாங்க மேடம், கெளம்பிருவோம்" என்றான் ஜெனோ. ஹம்னா போன் வெளிச்சத்தில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். ஆட்டம் பிடித்திருக்கிறது, அடுத்த வாரமே வேலையைத் தொடங்கலாம் என்றாள். முத்துச்செல்வி இரண்டு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. வாசற்படியில் ஹம்னா திரும்பினாள்.

"தப்பா நெனைக்காதீங்க. பின்னால ரெண்டு பொம்பளைங்க நிக்காங்களே. மூட்டையக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு, இந்த மழையில. யாரு அவங்க?"

ரெண்டு.

ஜெனோ இருட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். என் அக்கா என்று சொல்ல ஒரு மூச்சு போதும். முத்துச்செல்வி மூச்சை இழுத்தாள்.

"வேலைக்கு வந்தவங்க மேடம்."

"பாவம், உள்ள கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு ஹம்னா போய்விட்டாள்.

காரின் சிவப்பு விளக்கு வளைவில் மறைந்தது. சொன்ன சொல் வாயிலேயே நின்றது, கசந்தது. கூடப் பிறந்தவளை வேலைக்காரி என்று சொன்ன வாய். அம்மா இருந்தால் அந்த வாயில் சூடு போட்டிருப்பாள். முத்துச்செல்வி போன் விளக்கோடு உள்ளே ஓடினாள். பலகையைத் தாண்டும்போது வெளிச்சம் அதன் மேல் விழுந்தது. ஜமீன்தார், தங்கை, கணக்குப்பிள்ளை, வைத்தியர். கரையில் யாரும் இல்லை. வேலைக்காரி நின்ற கட்டத்தில் ஒரு சின்ன வட்டமாகத் தண்ணீர்.

அடுக்களை. பாசி வாடை. கதவின் அடியிலிருந்து தண்ணீர் மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்தது.

தாழ்ப்பாளை நீக்கினாள்.

ஓடை படிகளை விழுங்கி, துவைக்கிற கல்லை விழுங்கி, சாய்ப்புக்குள் வந்திருந்தது. கணுக்காலுக்கு மேல் செந்தண்ணீர். அதில் இருவர் நின்றார்கள். இருவருக்கும் நீலச் சேலை. இருவர் தலையிலும் சாரலில் துவண்ட கனகாம்பரம். இருவர் கழுத்தும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இருவரும் துண்டு மூட்டையைத் தண்ணீர் படாமல் நெஞ்சோடு தூக்கிப் பிடித்திருந்தார்கள். பவுடர் எல்லாம் கரைந்துபோயிருந்தது.

"யக்கா..."

இரண்டு முகங்களும் நிமிர்ந்தன. அதே சிரிப்பு. அதே திறந்த வாய்.

ஒருத்திக்கு இடது கன்னத்தில் மச்சம். இன்னொருத்திக்கு வலது கன்னத்தில்.

முத்துச்செல்வி பார்த்தாள். இடது. வலது. மறுபடி இடது. கூடவே பிறந்து, கூடவே வளர்ந்து, இத்தனை வருஷம் அவளுக்குச் சோறு போட்டு, தலை சீவிவிட்டு, ஒரு நாளாவது அந்த முகத்தை நேராகப் பார்த்திருந்தால்! சீவும்போது பின்னால் நின்றாள். சோறு போடும்போது தட்டைப் பார்த்தாள். கையில் இருந்த போனில் அந்தப் படம் இல்லை. பலகையில் காய் இல்லை. கேட்கலாம் என்றால் அம்மா இல்லை.

"யக்கா, நீதானா?"

இருவரும் பெரிதாகத் தலையாட்டினார்கள். அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. மற்றவளும் பொய் சொல்கிறவள் மாதிரி இல்லை. எத்தனையோ காலம் நின்ற களைப்பு மட்டும்தான் அந்தக் கண்ணில் இருந்தது. எந்தக் கண்ணில்? இரண்டிலும்.

தண்ணீர் ஏறியது. முழங்காலுக்கு.

"முத்து, கூப்பிடு" என்றாள் ஒருத்தி. "கூப்பிட்டாத்தான வர முடியும்" என்றாள் இன்னொருத்தி. ஒரே குரல்.

ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்துக் கதவைச் சாத்திவிடலாம். ஒருத்தி மட்டும் வெளியே நிற்பாள். எந்த ஒருத்தி?

முத்துச்செல்வியின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அவளுக்குப் பின்னால், யாருமில்லாத முன்னறையில், பித்தளைக் கட்டைகள் உள்ளங்கைக்குள் உரசுகிற சத்தம் கேட்டது. நிதானமாக. விழுந்தன. உருண்டன. நின்றன.

என்ன விழுந்தது என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு வலது கால்களும் தண்ணீரிலிருந்து சேர்ந்தே மேலே வந்தன.

சளக்.

இப்போது அவர்கள் வாசற்படியில் நின்றார்கள். பாசி வாடை முகத்தில் அடித்தது. இரண்டு மூட்டைகளும் அவளை நோக்கி நீண்டன, வாங்கிக்கொள் என்பது போல. இடது கன்னத்து மச்சத்திலும் வலது கன்னத்து மச்சத்திலும் தண்ணீர் வழிந்தது. முன்னறையில் யாரோ கட்டைகளை மறுபடியும் கையில் எடுத்தார்கள்.